திரும்பி வாராப் பெறுமானங்கள்

கலைப்பீட மாணவன் ஒருவன் கணினி மென்பொருளின் உள்ளமைப்பைப் பற்றி எழுத முற்படுவது தனக்கு உரித்தல்லாத துறையிற் கால்வைப்பதாகும் எனச் சிலர் கருதக்கூடும். சென்ற ஆண்டு விடுதியில் இடம்பெற்ற ஓர் உரையாடலில், கணினி விஞ்ஞானம் பயிலும் நண்பர் ஒருவர் இதனை வெளிப்படையாகவே கூறினார். "இருவழிப் பிணைப்பிலே மாற்றி என்பது வெறும் ஒப்பனை. உள்ளே இருப்பதை அழகாக வெளியே காட்டுவது, வெளியே எழுதியதை உள்ளே கொண்டுபோய் வைப்பது. இதில் விவாதிப்பதற்கு என்ன உண்டு?" என்பது அவர் வாதம். இவ்வாதம் அவருக்கு மாத்திரம் உரியதன்று. மென்பொருளாக்கத்தில் ஈடுபட்டோர் பலரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ள ஒரு நம்பிக்கை இது. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாற்றியை ஒப்பனையாளன் என்பதைவிட மொழிபெயர்ப்பாளன் என்பதே பொருந்தும் என்பேன். அதிலும், மூலநூலைக் கையிலிருந்து பறித்துவிட்டு, "இம்மொழிபெயர்ப்பை வைத்து மூலத்தை மீண்டும் எழுது" எனப் பணிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளன். மொழிபெயர்ப்புப் பற்றிப் பேசக் கலைப்பீட மாணவனுக்கு உரிமையில்லை என எவரும் சொல்லார் என நம்புகின்றேன்.

முதலிற் பொருளை விளக்கிக்கொள்வோம். மேசைக் கணினியில் இயங்கும் ஒரு மென்பொருளின் திரையிலே ஒரு பெட்டி இருக்கின்றது. அதிற் காணப்படும் எழுத்துகள் ஒரு புறம். கணினியின் நினைவகத்திலுள்ள தரவு மறுபுறம். இவ்விரண்டையும் இணங்க வைப்பது முன்னர் நிரலாளரின் கைவேலையாக இருந்தது. தரவு மாறினாற் பெட்டியை மாற்ற வேண்டும். பெட்டியில் எவரேனும் எழுதினால் தரவைத் திருத்த வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் திரை ஒன்று சொல்லும், பதிவு வேறொன்று சொல்லும். இருவழிப் பிணைப்பு இக்கைவேலையைப் பெருமளவில் ஒழித்தது. "இப்பெட்டி இத்தரவுக்குரியது" என ஒரு வரியில் அறிவித்துவிட்டால் எஞ்சியதைப் பிணைப்பு இயந்திரமே பார்த்துக்கொள்ளும். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் போர்ம்ஸ் 2002 இல் இதன் எளிய வடிவொன்றைத் தந்தது. அப்பிள் நிறுவனம் 2003 இல், மக் ஓஎஸ் எக்ஸ் 10.3 உடன், கொக்கோ பைண்டிங்ஸ் என்ற பெயரில் இதனை வழங்கிற்று. 2006 இன் இறுதியில் வெளியான விண்டோஸ் பிரசென்ரேஷன் பவுண்டேஷன் பிணைப்பையே தன் நடுநாயகமாகக் கொண்டது. இக்கட்டுரை பெரும்பாலும் அதனையே பற்றியது. அலுவலக மேசைகளில் அதன் மீது எழுந்த மென்பொருள்கள் இன்றும் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

நினைவகத்தில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒரே இனத்தனவாக இருப்பதில்லை. உள்ளே ஒரு திகதி, ஓர் எண், அல்லது ஆம் இல்லை என்னும் தருக்கப் பெறுமானம் இருக்கும். திரையோ எழுத்தையும் நிறத்தையும் மறைப்பையும் வெளிப்படுத்தலையும் மட்டுமே அறியும். ஆகவே இரண்டுக்கும் நடுவே பெறுமான மாற்றி நிறுத்தப்படுகின்றது. அதற்கு இரண்டு கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. கன்வேர்ட் என்னும் முறை உள்ளிருந்து வெளியே கொண்டுவரும். கன்வேர்ட்பேக் என்னும் முறை வெளியிலிருந்து உள்ளே கொண்டுசெல்லும். முன்னையதைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு ஏதுமில்லை. பின்னையதைப் பற்றியதே என் வழக்கு.

இவ்வழக்கு நூல்களைப் படித்துத் தோன்றியதன்று. பல்கலைக்கழகம் மூடப்பட்டிருந்த காலமொன்றில், ஓர் அலுவலகத்திலே தரவுப் பதிவு வேலையில் நான் மூன்று மாதங்கள் தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்தேன். கடதாசிக் கோவைகளிலிருந்த விபரங்களைக் கணினியில் ஏற்றுவது பணி. முதல் நாளே மூத்த எழுதுவினைஞர் ஒருவர் எனக்குத் தொழிலின் நுட்பத்தைச் சொல்லித் தந்தார். "தம்பி, பிறந்த திகதியை வழமை மாதிரி நாள், மாதம், வருஷம் எண்டு அடியுங்கோ. சிலவேளை பெட்டியைச் சுத்திச் சிவப்புக் கோடு வரும். வந்தால் நாளையும் மாதத்தையும் மாத்தி அடியுங்கோ, எடுத்துக்கொள்ளும்." நாங்கள் நால்வரும் அவ்விதமே செய்தோம். சிவப்புக் கோடு ஏன் சில திகதிகளுக்கு வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை என நாங்கள் கேட்கவில்லை. கணினிக்கும் மனநிலை உண்டு என்பதுபோல் நடந்துகொண்டோம்.

இரண்டாம் மாதத்தில் ஒரு தாய் வந்தார். தம் மகனுக்கு வழங்கப்பட்ட கடிதத்தில் பிறந்த திகதி பிழையாக இருக்கின்றது என்பது அவர் முறைப்பாடு. பிறப்புச் சான்றிதழில் ஏப்பிரல் 5. கடிதத்தில் மே 4. திரையைப் பார்த்தோம். திரையில் 5/4 என்றே இருந்தது. "சரியாய்த்தானே இருக்குது, அம்மா. கடிதம் அடிச்சதிலைதான் பிழை" என்று சொல்லிக் கடிதத்தை மீண்டும் அச்சிட்டோம். மீண்டும் மே 4. அன்று அவரைத் திருப்பி அனுப்பினோம். மறுகிழமை அவர் மறுபடியும் பஸ் ஏறி வந்தார். மூன்று பஸ் மாறி வரவேண்டிய தூரம் என்பது பின்னரே எங்களுக்குத் தெரிந்தது.

காரணத்தை மென்பொருளைப் பராமரிக்க வந்த இளைஞர் ஒருவர் காட்டித் தந்தார். விண்டோஸ் பிரசென்ரேஷன் பவுண்டேஷனில் ஒரு பிணைப்பு, திகதியையோ எண்ணையோ எழுத்தாக்கும்போதும் எழுத்திலிருந்து மீட்கும்போதும், எந்த நாட்டு வழக்கைப் பின்பற்ற வேண்டும் என்பது திரை உறுப்பின் மொழி என்னும் பண்பினால் தீர்மானிக்கப்படுகின்றது. அப்பண்புக்கு வேறெதுவும் குறிப்பிடப்படாவிடின் அமெரிக்க ஆங்கிலம் என்பதே இயல்பான பெறுமானம். கணினியின் பிராந்திய அமைப்பிலே இலங்கை எனத் தெரிவு செய்திருந்தாலும் பிணைப்பு அதனைக் கேட்பதில்லை. இது 2006 முதல் இருந்துவரும் நடைமுறை. மென்பொருள் தொடங்கும் இடத்தில் ஒரு வரி எழுதினால் இதனை மாற்றலாம். அவ்வரி எழுதப்பட்டிருக்கவில்லை.

அமெரிக்க வழக்கில் மாதம் முன், நாள் பின். நாங்கள் 05/04 என அடித்தபோது மாற்றி அதனை மே 4 எனப் புரிந்து உள்ளே வைத்தது. பின்னர் அதே மே 4 ஐ அமெரிக்க வழக்கிலே திரையிற் காட்டியபோது 5/4 என்றே காட்டிற்று. நாங்கள் அதனை ஏப்பிரல் 5 என வாசித்தோம். முன்னிருந்த பூச்சியங்கள் மாத்திரமே மறைந்திருந்தன. அதனை எவர் பொருட்படுத்துவார்? 25/04 என அடித்தபோது 25 ஆம் மாதம் என ஒன்றில்லாமையாற் சிவப்புக் கோடு தோன்றியது; நாங்கள் மாற்றி அடித்தோம்; அது சரியாகவே பதிவாயிற்று. ஆக, நாள் 13 இலிருந்து மேற்பட்ட திகதிகள் யாவும் சரி. 12 க்கு உட்பட்டவை, நாளும் மாதமும் ஒன்றாயிருக்கும் பன்னிரண்டைத் தவிர, யாவும் பிழை. கணக்கிட்டுப் பார்த்தேன். ஆண்டின் 365 நாள்களில் 132 நாள்கள். அந்நாள்களிற் பிறந்தவர்கள் எல்லோரும் எங்கள் கைகளால், எங்களுக்குத் தெரியாமலே, வேறு நாளிற் பிறந்தவர்களாயினர்.

இங்கு என் நண்பர் குறுக்கிட்டு, "இது நிரலாளரின் கவனயீனம்; மாற்றியின் குற்றமன்று" என்பார். கவனயீனம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும், கவனயீனம் மிக எளிதாக நிகழத்தக்கதாகவும், நிகழ்ந்தபின் கண்டுபிடிக்க மிக அரிதாகவும் ஓர் அமைப்பு அமைந்திருக்குமாயின், அவ்வமைப்பையும் விசாரிக்க வேண்டாவா? ஒரு சந்தியில் ஆண்டுதோறும் விபத்து நிகழுமாயின் சாரதிகளை மட்டும் குறைகூறி அமைவது அறிவுடைமையாகாது.

மாற்றிகள் பற்றிய விவாதத்திற்கு ஒரு கோட்பாட்டு மரபு உண்டு என்பது பலர் அறியாதது. தரவுத்தளத்தின் ஒரு தோற்றத்தில் ஏற்படும் மாற்றத்தை மூலத்துக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்னும் வினாவை பான்சிலோனும் ஸ்பிராட்டோசும் 1981 இல் வெளிவந்த கட்டுரையொன்றில் ஆராய்ந்தனர். 2005 இல் பெஞ்சமின் பியேர்சும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் இருதிசை மாற்றங்களுக்கு 'வில்லை' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டி, அவை ஒழுக வேண்டிய விதிகளை வகுத்தனர். இரு விதிகள் முதன்மையானவை. கண்டதை அப்படியே திருப்பி வைத்தால் மூலம் மாறலாகாது என்பது ஒன்று. வைத்ததை மீண்டும் பார்த்தால் வைத்ததே தெரிய வேண்டும் என்பது மற்றையது. ஓர் எளிய உதாரணத்தால் முதலாவது விதியைச் சோதிக்கலாம். பரனைட்டு அளவில் 98 என ஓர் உடல் வெப்பநிலை பதிவாகியுள்ளது. திரை அதனைச் சதமளவையில் முழு எண்ணாகக் காட்டுகின்றது: 37. அதனைத் தொட்டு அழித்து மீண்டும் 37 என்றே எழுதிவிட்டு ஒருவர் நகர்ந்தால், மாற்றி திருப்பிக் கணக்கிட்டு 98.6 எனப் பெற்று 99 எனப் பதியும். எவரும் எதையும் திருத்தவில்லை; நோயாளிக்கு மட்டும் ஒரு பாகை ஏறிவிட்டது.

எங்கள் அலுவலகத் திகதிகளைப் பொறுத்தவரை ஒரு விநோதம் உண்டு. அங்கே இவ்விரு விதிகளும் மீறப்படவில்லை. 5/4 என வைத்தோம், 5/4 என்றே கண்டோம். விதிகள் யாவும் நிறைவேறிய நிலையிலேயே பொய் பதிவாயிற்று. ஏனெனில் விதிகள் திரைக்கும் நினைவகத்துக்கும் இடையிலான உறவைப் பற்றியன. திரைக்கும் அதன் முன் அமர்ந்திருப்பவருக்கும் இடையிலான உறவைப் பற்றி அவை பேசுவதில்லை. மாற்றி திரையில் முடிந்துவிடுவதாகப் பொறியியலார் கருதுகின்றனர். உண்மையில் அது வாசிப்பவரின் மனத்தில் முடிகின்றது. இலக்கியம் பயின்றோர்க்கு இது புதுச் செய்தியன்று.

இனி, என் வழக்கின் நடுப்புள்ளிக்கு வருகின்றேன். தமிழில் மாமா, சித்தப்பா, பெரியப்பா என நாம் வேறுபடுத்தும் மூவரையும் ஆங்கிலம் அங்கிள் என்னும் ஒரு சொல்லால் அழைக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இழப்பு உண்டெனினும் குழப்பமில்லை. திரும்பி வரும்போதுதான் இடர் தோன்றுகின்றது. அங்கிள் என்பதை மட்டும் ஒருவரிடம் கொடுத்து இதனைத் தமிழாக்கு என்றால் அவர் என்ன செய்வார்? மூலப் பிரதி கையிலிருந்தால் புரட்டிப் பார்த்து, "இவர் தாயின் சகோதரர், மாமா என எழுத வேண்டும்" என்பார். மூலம் மறுக்கப்பட்டால் ஊகிப்பார். பெரும்பான்மை எதுவோ அதனை எழுதுவார்.

கன்வேர்ட்பேக் என்னும் முறைக்கு என்னென்ன கொடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். திரையிலுள்ள பெறுமானம், ஆக்கப்பட வேண்டிய இனம், நிரலாளர் முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு துணைக்குறிப்பு, எந்த நாட்டு வழக்கு என்பது. இந்நான்கே. நினைவகத்தில் முன்னர் என்ன இருந்தது என்பது அதற்குச் சொல்லப்படுவதில்லை. துணைக்குறிப்பின் மூலம் அனுப்பலாமே எனில், அத்துணைக்குறிப்பைப் பிணைப்பினால் மாற்ற இயலாது. அது எழுதியபடியே நிற்கும். மேற்கூறிய ஆய்வாளர்கள் வகுத்த வில்லையிலோ திருப்பி வைக்கும் செயலுக்குப் புதிய தோற்றமும் பழைய மூலமும் ஆகிய இரண்டும் வழங்கப்படுகின்றன. இவ்வேறுபாடு சிறியதன்று. மறதியை ஓர் அமைப்பின் வடிவத்திலேயே வார்த்துவிட்டு, பின்னர் நினைவில்லையே என்று நிரலாளரைக் குறைகூறுவது எவ்வகையில் நியாயம்?

நம் நாட்டிலிருந்தே இதற்கு ஓர் உதாரணம் தருவேன். பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களையும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தொன்றையும் உடையது. 2016 முதல் வழங்கப்படுவது எழுத்தேதும் இல்லாத 12 இலக்க எண். பழைய இலக்கத்தைப் புதிய வடிவிற் காட்டும் முறை எளிது. முன்னே 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களின் பின்னே ஒரு பூச்சியத்தை இட்டு, இறுதி எழுத்தை விட்டுவிட வேண்டும். இனி, பழைய வடிவிலேயே இலக்கங்களைச் சேமித்துவைத்துள்ள ஒரு மென்பொருளையும், அவற்றைப் புதிய வடிவிற் காட்டும் மாற்றியொன்றையும் கற்பனை செய்யுங்கள். எழுதுவினைஞர் ஒருவர் ஓர் இலக்கத்தில் இருந்த தட்டச்சுப் பிழையைத் திருத்துகின்றார். திரும்பும் பாதையில் மாற்றி 19 ஐயும் பூச்சியத்தையும் கழிக்கும். எழுத்து எங்கே? அது போகும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மூலத்தைப் பார்க்க மாற்றிக்கு வழியில்லை. பெரும்பாலோர்க்கு வீ தானே என நிரலாளர் வீ எனச் சேர்த்துவிடுவார். எக்ஸ் என்னும் எழுத்தை உடையவர் தம் பதிவைத் திறந்து திருத்தியதொன்றே காரணமாக வேறொருவராகிவிடுவார். 2000 ஆம் ஆண்டின் பின் பிறந்தவர்க்கோ பழைய வடிவமே கிடையாது. அவர் இலக்கம் திரும்பிச் செல்ல ஊரே இல்லை. இம்மாற்றியைப் போகும் வழியில் ஒப்பனை என்று சொல்லலாம். திரும்பும் வழியில் அவ்வாறு சொல்ல எவர் துணிவார்?

வெறுமைக்கும் பூச்சியத்துக்கும் இடையிலான வேறுபாடும் இத்தகையதே. பரீட்சைக்கு வராதவர் ஒருவர். வந்து எழுதிப் பூச்சியம் பெற்றவர் இன்னொருவர். புள்ளிகளைப் பதியும் திரையில் முன்னவருடைய பெட்டி வெறுமையாக இருக்க வேண்டும். ஆனால் எண்ணொன்றுடன் பிணைக்கப்பட்ட பெட்டியை வெறுமையாக விட்டுச் செல்ல முயன்றாற் பிணைப்பு இயந்திரம் அதனை ஏற்காது சிவப்புக் கோடு இடும். இம்மறுப்பு நேர்மையானது. பயனாளர்கள் முறையிடுகின்றனர் என்பதற்காக நிரலாளர், வெறுமை வந்தாற் பூச்சியம் என வை என்று ஒரு மாற்றி எழுதுவார். முறைப்பாடு ஓய்ந்துவிடும். நோயுற்று வராதவர் அறிவற்றவராகப் பதிவாகிவிடுவார். வெறுமையை வெறுமையாகவே காக்கும் வசதி 2008 முதல் அதே பிணைப்பில் ஒரு சொல்லளவில் உண்டு என்பதை நினைக்கும்போது சினம் மேலிடுகின்றது.

தசமப் புள்ளியின் கதையைச் சற்று நகைப்புக்காகவே குறிப்பிடுகின்றேன். ஒவ்வொரு எழுத்தையும் அடிக்க அடிக்க உடனே மூலத்தைத் திருத்துமாறு பிணைப்பை அமைக்கலாம். 2012 இல் வெளியான டொட்நெற் 4.5 முதல், அவ்வாறு அமைத்த எண் பெட்டியில் ஒன்றை அடித்துப் புள்ளியை அடித்தாற் புள்ளி நிற்பதில்லை. ஒன்று புள்ளி என்பது ஒன்றுதானே என மாற்றி முடிவு செய்து, திரையையும் ஒன்று எனத் திருத்திவிடுகின்றது. பயனாளர் மீண்டும் புள்ளியை அடிக்கின்றார். மீண்டும் அது மறைகின்றது. பேசி முடிக்குமுன் வாயை மூடும் மொழிபெயர்ப்பாளனை நாம் மேடையில் வைத்திருப்போமா? பழைய நடத்தைக்கு மீள்வதற்கு ஒரு விருப்பத்தேர்வை அந்நிறுவனமே வழங்க நேர்ந்தது.

எதிர்வாதங்கள் சிலவற்றையும் நோக்குவோம். திரும்பும் பாதை அறியாத நிரலாளர் பலர் கன்வேர்ட்பேக்கின் உள்ளே "இது நிறைவேற்றப்படவில்லை" என்னும் விதிவிலக்கை எறியும் ஒரு வரியை எழுதிவிட்டு அமைகின்றனர். இது நேர்மையானதே என்பர். மாற்றி எறியும் விதிவிலக்கைப் பிணைப்பு இயந்திரம் பிடித்துக்கொள்வதில்லை. ஆகவே பயனாளரின் முன்னே மென்பொருள் வீழ்ந்துவிடும். நேர்மை நிரலாளருடையது, தண்டனை எழுதுவினைஞருடையது என்பது நல்ல பங்கீடன்று. ஆயினும் ஒன்று சொல்வேன்: வீழ்ந்த மென்பொருள் எழுப்பும் கூச்சலை எவரேனும் கேட்பர். எங்கள் மே 4 ஐ ஒரு தாயைத் தவிர எவரும் கேட்கவில்லை. திரும்பும் வழி இல்லாதவிடத்துப் பிணைப்பை ஒருவழியாக அறிவித்தலே முறை. அப்பிள் நிறுவனத்தின் பெறுமான மாற்றிகள், தம்மாற் திரும்ப மாற்ற இயலுமா இயலாதா என்பதைத் தாமே அறிவிக்கக் கடமைப்பட்டவை. மூலத்தை அவையும் காண்பதில்லை என்பது உண்மையே. எனினும், 'என்னால் இயலாது' என்று சொல்லும் உரிமையாவது அங்கு மாற்றிக்கு உண்டு.

இருவழிப் பிணைப்பையே ஒழித்துவிட வேண்டும் என்போர் இன்னொரு சாரார். 2013 இல் வெளியான ரியக்ட் முதலியவற்றைச் சுட்டி, தரவு ஒரு திசையில் மட்டுமே பாய வேண்டும் என அவர்கள் வாதிப்பர். அவர்களிடம் ஒரு பகுதி உண்மை உண்டு. திரும்பும் செயல் அங்கு வெளிப்படையாக எழுதப்படுகின்றது. எழுதியவர் அதனை ஒருமுறையேனும் கண்ணாற் காண்கின்றார். ஆனால் 05/04 என மனிதர் எழுதியதை ஓர் இடத்தில் எவரேனும் திகதியாக வாசித்தே ஆக வேண்டும். அவ்வாசிப்பு அமெரிக்க வழக்கில் நிகழ்ந்தால் எத்திசையிற் பாய்ந்தாலும் அது மே மாதமே. மொழிபெயர்ப்பாளனை வாசலால் வெளியேற்றிவிட்டு யன்னலால் அழைத்துக்கொள்வது தீர்வாகாது.

மாற்றிகளைத் திறமையாக எழுதக் கற்பித்தாற் போதும் என்போர்க்கும் ஒரு வார்த்தை. இப்பிரச்சினை மென்பொருளாக்குவோரின் திறமையால் தீருவதாயின் எக்செல் எப்போதோ தீர்த்திருக்கும். அது பிணைப்பும் மாற்றியும் என்ற பெயரில் இயங்காவிடினும், அடித்ததைத் தன் விருப்பப்படி விளங்கிக்கொண்டு உள்ளே வைப்பதில் இம்மாற்றிகளுக்கு மூத்த உறவினன். மரபணுவொன்றின் குறியீடு செப்ட் 2 என இருந்தால், அதனைச் செப்ரெம்பர் 2 ஆம் திகதியாக அது மாற்றிவிடும். திகதியாக மாறியபின் மூல எழுத்து மீளாது. இதுபற்றிய எச்சரிக்கை 2004 இலேயே ஆய்விதழிற் பதிவாயிற்று. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழையைக் கண்டது. 2020 இல், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு, பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. இவ்வாறான தானியங்கு மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எக்செலில் 2023 இலேயே வந்தது. மாற்றி தன்னைத் திருத்திக்கொள்ளுமுன் விஞ்ஞானம் தன் சொற்களைத் திருத்திக்கொண்டது.

தமிழர்க்கு இது வியப்பைத் தராது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த எவரும் அறிவர்: திரையில் தமிழ் எனத் தோன்றுவது உள்ளே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் ஆங்கில விசைகளின் தொடரேயாகும். நடுவே உண்மையான ஆங்கிலச் சொல்லொன்று வந்தால் எழுத்துருவின் பெயர் மட்டுமே இரண்டையும் வேறுபடுத்தும். எழுத்துருச் செய்தி உதிர்ந்த ஒரு கோப்பை யூனிக்கோடுக்கு மாற்றும்போது மாற்றி யாவற்றையும் தமிழெனக் கொண்டு, ஆங்கிலச் சொற்களைப் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாக்கிவிடும். எத்தனை மலர்களின் பழைய இதழ்களை நாம் இவ்வாறு இழந்துகொண்டிருக்கின்றோம் என்பதை இச்சஞ்சிகையின் பதிப்பாசிரியர்களே சொல்லட்டும்.

அங்ஙனமாயின் நான் கேட்பது யாது? உள்ளிருந்து வெளியே காட்டுவதற்கு மட்டும் மாற்றியைப் பயன்படுத்துக. ஆம் என்பதைப் பச்சை நிறமாக்குவது, வெறும் பட்டியலை மறைப்பது போன்ற வேலைகளில் அது சிறந்த ஊழியன். மனிதர் எழுதியதை உள்ளே கொண்டுசெல்லும் பணியை, மூலத்தையும் கண்முன் வைத்திருக்கும் ஓரிடத்துக்கு மாற்றுக. ஜோன் கொஸ்மன் 2005 இல் எழுதிய 'மாதிரி, காட்சி, காட்சிமாதிரி' என்னும் அமைப்பில் அத்தகைய ஓரிடம் ஏற்கெனவே உண்டு. காட்சிமாதிரி பழைய பெறுமானத்தை அறியும், எழுதப்பட்டதையும் அறியும், எக்ஸ் என்னும் எழுத்தைப் பார்த்து, அதனை அவ்வாறே வைத்துக்கொள்ள அதனால் இயலும். விளங்காதபோது கேட்கவும் இயலும். இதனால் நிரல் நீளும், ஒரு வரியில் முடிந்த வேலை இருபது வரியாகும் என்பர். ஆம், நீளும். மூன்று பஸ் மாறி இரண்டு முறை வந்த பயணத்தின் நீளத்தை அந்த இருபது வரிகளுடன் ஒப்பிட்டுப் பார்க்குமாறு என் நண்பரைக் கேட்டேன். அவர், அதுவும் இதுவும் வேறு என்றார். மாற்றி உள்ளதை உள்ளவாறு காட்டும் வெறும் ஒப்பனை என்று நம்புவோர்க்கு அவை வேறாகத்தான் தோன்றும்.

பதிவாகும் திகதியை மனிதருக்குத் திருப்பிச் சொல்லும் கடப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டியைவிட்டு நீங்கியதும் அருகே "2001 மே மாதம் 4 ஆம் திகதி" எனச் சொல்லால் எழுதிக் காட்டியிருப்பின் முதலாம் நாளின் முதலாவது பதிவிலேயே நாங்கள் விழித்திருப்போம். இதற்கு மாற்றியின் போகும் பாதை ஒன்றே போதும்.

அலுவலகத்தில் விடுபட்டிருந்த அந்த ஒரு வரியை இளைஞர் அன்று மாலையே எழுதிவிட்டார். மறுநாள் முதற் சிவப்புக் கோடு எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் அதுவரை ஏற்றிய பதிவுகள் அவ்வாறே கிடந்தன. அவற்றுள் நாள் 12 க்கு உட்பட்டவற்றையெல்லாம் புரட்டிவிடலாம் என்றார் ஒருவர். சிவப்புக் கோட்டின் அச்சத்தால் சிலர் எப்போதும் மாதத்தையே முன்னே அடித்துப் பழகியிருந்தமையால் அதுவும் இயலாததாயிற்று. எது சரியாகவே விழுந்தது, எது புரண்டு விழுந்தது என்பதைக் கணினியைக் கேட்டு அறிய வழியில்லை. எஞ்சிய ஒரு மாதமும் நாங்கள் நால்வரும் இறாக்கைகளிலிருந்து கடதாசிக் கோவைகளை மீண்டும் இறக்கி, ஒவ்வொரு பிறப்புச் சான்றிதழாக விரித்து, திரையுடன் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய நாளில் இரண்டாம் இறாக்கை பாதியில் நின்றது.